கோள்களுக்குச் சிலை உண்டு, கணித்தவருக்கு?

2025ஆம் ஆண்டு மார்ச் 29ஆம் நாள், திருக்கணிதப்படி சனீஸ்வர பகவான் கும்பத்திலிருந்து மீனத்துக்குப் பெயர்ந்த அன்று, ஆலயத்தில் எள்ளெண்ணெய் விளக்கோடு நின்றவர்களின் வரிசை வாசல் வரைக்கும் நீண்டிருந்தது அன்பர்களுக்கு நினைவிருக்கும். அதே நாட்களிலே திருநள்ளாற்றிலிருந்து வேறொரு செய்தியும் வந்தது. வாக்கிய பஞ்சாங்கப்படி பெயர்ச்சி அந்த ஆண்டில் இல்லை, 2026இல்தான் என்று அங்குள்ள தேவஸ்தானம் அறிவித்துவிட்டது. ஒரே சனி, ஒரே வானம், இரண்டு தேதிகள். இடையிலே ஏறக்குறைய ஒரு வருடம்.

"அப்ப நாங்கள் இண்டைக்கு ஏத்தின விளக்கு, ஐயா?" என்று வரிசையில் நின்ற தாயார் ஒருவர் கேட்டார். குருக்கள் ஐயா சிரித்துக்கொண்டே, "விளக்கு எண்டைக்கும் விளக்குத்தான் அம்மா, ஏத்துங்கோ" என்றார்.

அந்தத் தாயாரோடு வந்திருந்த மகன் ஆறாம் வகுப்புப் படிப்பவன். நமது சனிக்கிழமைத் தமிழ் வகுப்புப் பிள்ளை. பள்ளிக்கூடத்தில் அப்போதுதான் தொலைநோக்கி பற்றி ஒரு செயற்றிட்டம் செய்து முடித்திருந்தான். ஒன்பது சிலைகளையும் ஒரு சுற்றுச் சுற்றி வந்தவன், பாதித் தமிழிலும் பாதி ஆங்கிலத்திலுமாக நம்மைக் கேட்டதன் சாரம் இதுதான்: "ரீச்சர், கலிலியோவின்ரை படத்திலை ரெலஸ்கோப் இருக்கு, அதைப் பிடிச்சுக்கொண்டு அவரும் நிக்கிறார். எங்கடை கோயில்லை கோள்கள் மட்டும் நிக்குது. பாத்த ஆள் எங்கை?"

நமக்குப் பதில் வரவில்லை. அடுத்த மடலில் எழுதுகிறோம் என்று தப்பிக்கொண்டோம். அடுத்த மடலும் போய் அதற்கடுத்ததும் போய்விட்டது. வாசித்தும் விசாரித்தும் சேர்த்ததை இப்போதுதான் எழுத்தில் வைக்கிறோம். பிள்ளையின் கேள்வி பார்வைக்குச் சிறியது. உள்ளே போகப் போக, நாம் யாருக்கு எவ்வளவு கடன்பட்டிருக்கிறோம், அந்தக் கடனைப் பொய் கலவாமல் எப்படிச் சொல்வது என்ற கேள்வியாக அது பெருத்துவிட்டது.

முதலில் சிலைகளையே பார்ப்போம். நவக்கிரக மேடையை வரம் கேட்கும் இடமாகவே பார்த்துப் பழகிய நமக்கு, அது ஒரு கணக்கின் சித்திரம் என்பது தோன்றுவதில்லை. சனைச்சரன் என்ற பெயருக்கு மெல்ல நடப்பவன் என்று பொருள். மந்தன் என்றும் சொல்வர். சனி கால் ஊனமுற்றவர் என்ற புராணக் கதையை அம்மம்மாமார் சொல்லக் கேட்டிருக்கிறோம். வெறுங்கண்ணுக்குத் தெரியும் கோள்களுள் சனிதான் மிக மெதுவானது. ஒருமுறை வானத்தைச் சுற்றி வர அதற்கு ஏறக்குறைய 29½ ஆண்டுகள் ஆகின்றன. அதைப் பன்னிரண்டு இராசிகளுக்குப் பிரித்தால் இராசிக்கு ஏறக்குறைய இரண்டரை ஆண்டுகள். நம் இராசிக்கு முன்வீடு, நம் வீடு, பின்வீடு என மூன்று வீடுகளைக் கடக்க ஏழரை. ஏழரைச் சனி என்று நாம் அலுத்துக்கொள்ளும் அந்தச் சொல்லுக்குள்ளே தலைமுறை தலைமுறையாக வானத்தைப் பார்த்துக் குறித்தவர்களின் உழைப்பு இருக்கிறது.

இராகு கேதுவின் கதை இன்னும் வியப்பானது. அவை வானத்தில் ஒளிரும் பொருள்களே அல்ல. சூரியன் செல்வதாகத் தோன்றும் பாதையும் சந்திரனின் பாதையும் ஒன்றையொன்று வெட்டும் இரண்டு இடங்கள், அவ்வளவுதான். யாரும் எந்தக் கருவியாலும் அவற்றைக் கண்ணால் கண்டதில்லை, காணவும் முடியாது. அமாவாசையோ பௌர்ணமியோ அந்த இடங்களுக்கு அருகில் நிகழ்ந்தால் கிரகணம் உண்டாகும். இரண்டும் எப்போதும் நேரெதிரே இருக்கும். மற்றக் கோள்கள் செல்லும் திசைக்கு மாறாகப் பின்னோக்கி நகர்ந்து, ஏறக்குறைய 18.6 ஆண்டுகளில் ஒரு சுற்று வரும். கணக்கிலே மட்டும் வாழும் இரண்டு புள்ளிகளுக்கு நம் மரபு தலையும் உடலும் பாம்பும் கொடுத்து, கல்லில் செதுக்கி, மாலையும் போட்டது. இப்படி ஒரு துணிச்சலை வேறெந்த நாட்டுக் கலையிலும் நாம் கண்டதில்லை.

இங்கே ஓர் எச்சரிக்கையும் சொல்லவேண்டும். மேடையின் நடுவிலே சூரியன் நிற்பதைக் காட்டி, கொப்பர்நிக்கஸுக்கு முன்னரே நம்மவர் சூரிய மையத்தைக் கண்டுகொண்டனர் என்று மேடைப் பேச்சாளர்கள் சொல்வதுண்டு. கைதட்டலும் கிடைக்கும். ஆனால் அது உண்மையில்லை. மேடையில் கோள்கள் நிற்பது திசை வகுப்பின்படி. சந்திரனும் அங்கே சூரியனைச் சுற்றித்தான் நிற்கிறார்! நம் சித்தாந்த நூல்கள் பூமியை நடுவில் வைத்தே கணித்தன. 499இல் ஆரியபடர் பூமி தன்னைத்தானே சுழல்கிறது என்றார். 1500ஐ ஒட்டிக் கேரளத்தின் நீலகண்ட சோமயாஜி ஐந்து கோள்களும் சூரியனைச் சுற்ற, சூரியன் பூமியைச் சுற்றுவதாக அமைத்தார். இவை பெரிய சாதனைகள். அவற்றுக்கு மேல் நாம் கூட்டிச் சொல்லத் தேவையில்லை.

பார்த்த ஆள் எங்கே என்ற கேள்விக்கு, ஆளை வரைந்த நாடுகளின் படங்களையும் பார்த்தோம். ஹொலண்ட் நாட்டு வெர்மீர் 1668இல் வரைந்த வானியலாளர் என்ற ஓவியம் பாரிஸ் லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நீண்ட அங்கி அணிந்த ஒருவர், யன்னல் ஓரத்தில் இருந்து எழுந்தும் எழாமலும், மேசையிலுள்ள வான உருண்டையைத் தொடக் கை நீட்டுகிறார். புத்தகம் விரிந்து கிடக்கிறது. அஸ்ட்ரோலேப் என்ற கோணமானி மேசையில் கிடக்கிறது. இத்தனையும் பகல் வெளிச்சத்தில்! வானியலாளரை வரைந்த ஓவியத்தில் ஒரு நட்சத்திரம்கூட வானத்தில் இல்லை. மனிதனின் கவனமே அங்கு வரையப்பட்ட பொருள். இங்கிலாந்தின் டார்பி நகர அருங்காட்சியகத்தில் ஜோசப் ரைட் 1766இல் வரைந்த படமொன்று உண்டு. கோள்கள் சுற்றும் இயந்திரம் ஒன்றின் நடுவிலே, சூரியனுக்குப் பதிலாக ஒரு விளக்கு. விளக்கு நம் கண்ணுக்குத் தெரியாதபடி முன்னே நிற்கும் ஒருவரின் நிழலுருவம் மறைக்கிறது. சுற்றி நிற்கும் பிள்ளைகளினதும் பெரியவர்களினதும் முகங்களில் மட்டும் வெளிச்சம். தீபாராதனை வேளையிலே நவக்கிரக மேடையைச் சுற்றி நிற்கும் நம் பிள்ளைகளின் முகங்களைப் பார்த்தவர்களுக்கு அந்தப் படம் அந்நியமாக இராது.

நம்மை அதிகம் யோசிக்க வைத்தது வேறொரு படம். டென்மார்க்கின் தீக்கோ பிராஹே என்ற வானியலாளர் 1598இல் தன் கருவிகளைப் பற்றி வெளியிட்ட நூலிலே உள்ள அச்சுப்படம் அது. சுவரிலே பதித்த பெரிய கால்வட்டக் கருவி. அந்த வளைவுக்குள்ளே சுவரோவியமாகத் தீக்கோ கம்பீரமாக வீற்றிருக்கிறார். கையை உயர்த்தி வானத்தைச் சுட்டுகிறார், காலடியில் நாய் படுத்திருக்கிறது. அவர் சுவரிலே சித்திரம். சுவருக்கு முன்னே இரத்தமும் சதையுமாக மூன்று பேர் வேலை செய்கிறார்கள். ஒருவர் கண்ணை வைத்து நட்சத்திரத்தைப் பார்க்கிறார், ஒருவர் மணிக்கூட்டைப் பார்த்து நேரம் சொல்கிறார், ஒருவர் குனிந்து எழுதுகிறார். பார்த்தவர்கள் அந்த மூவரும். படம் யாருடையது என்றால், தீக்கோவினுடையது என்றுதான் உலகம் சொல்லும். உதவியாளர்களையாவது வரைந்தாரே என்று அவரைப் பாராட்டவும் தோன்றுகிறது.

இஸ்தான்புல்லிலும் இப்படி ஒரு படம் உண்டு. தகியுத்தீன் என்ற அறிஞருக்காக 1577இல் சுல்தான் அமைத்த வானாய்வு நிலையம் 1580இலேயே அரச ஆணையால் இடிக்கப்பட்டது. 1581இல் முடிந்த ஒரு சித்திர நூலில், கருவிகள் நிறைந்த மேசையைச் சுற்றி அறிஞர்கள் கூடியிருக்கும் காட்சி இன்றும் வண்ணம் மங்காமல் இருக்கிறது. கட்டடம் போய்விட்டது, படம் நிற்கிறது.

நிற்க. நம் பக்கம் வருவோம்.

விட்பியில் வாழும் நமக்கு இந்தக் கதையிலே ஒரு தூரத்து உறவும் உண்டு. நம் நகரத்தின் பெயர் இங்கிலாந்தின் யோர்க்ஷயரிலுள்ள விட்பித் துறைமுகத்தின் பெயர். கப்டன் குக்கின் என்டெவர் கப்பல் அந்த விட்பியிலேதான் கட்டப்பட்டது. 1769 யூன் மாதம் வெள்ளி சூரியனைக் கடந்து செல்வதைப் பார்ப்பதற்காக அந்தக் கப்பல் தகீட்டித் தீவுக்குப் போனது. கூடவே சிட்னி பார்க்கின்சன் என்ற ஓவியரும் போனார். கருவிகளைக் காக்க அங்கே கட்டிய கோட்டை படமாக அச்சேறி இன்றும் கிடைக்கிறது. அதே வெள்ளிக் கடப்பைப் பார்க்கப் பிரான்சிலிருந்து புறப்பட்ட லெ ஜான்தீ என்பவர் புதுச்சேரியில் காத்திருந்தார். 1761இல் நடந்த கடப்பின்போது கடலிலே மாட்டிக்கொண்டு, எட்டு வருடம் பொறுத்து, இரண்டாவது கடப்புக்குக் கருவிகளோடு ஆயத்தமாக இருந்தவர். அன்று காலை முகில் மூடிவிட்டது. சனிக்கிழமைச் சுபநேரம் பார்த்துப் புறப்பட்டிருக்கலாமோ என்று நம்மவர் யாராவது அவரிடம் சொன்னார்களோ தெரியாது!

ஆனால் அவர் வெறுங்கையோடு திரும்பவில்லை. புதுச்சேரியில் தங்கிய காலத்தில், தமிழர் கிரகணம் கணிக்கும் முறையை ஒரு தமிழரிடமே கற்றுக்கொண்டார். 1765 ஆகஸ்ட் 30இல் நிகழ்ந்த சந்திர கிரகணம் எவ்வளவு நேரம் நீடித்தது என்பதை அந்தத் தமிழ் முறைப்படி போட்டபோது 41 வினாடிதான் குறைந்தது. ஐரோப்பாவில் அந்நாளில் மிகச் சிறந்தது எனப்பட்ட மேயரின் அட்டவணை 68 வினாடி கூடுதலாகக் காட்டியது.

இன்னும் அறுபது வருடம் தள்ளி, 1825. சென்னை வானாய்வு நிலையத்தில் முன்பு பொறுப்பு வகித்த ஜோன் வாரன், நம் நாட்டுக் காலக் கணக்கைப் பற்றிக் காலசங்கலிதம் என்ற பெரிய நூலை எழுதிக்கொண்டிருந்தார். புதுச்சேரியில் இருந்த பஞ்சாங்கக்காரர் ஒருவரை அழைத்து, மே 31ஆம் தேதி இரவு வரப்போகும் சந்திர கிரகணத்தைக் கணிக்கச் சொன்னார். அவர் பெயரைத் தன் காதில் விழுந்தபடி சாமி நாதன் சாசியா என்பது போல எழுதிவைத்திருக்கிறார். வந்தவரிடம் தாளும் இல்லை, பேனாவும் இல்லை. தரையிலே சோகிகளைப் பரப்பினார். மனப்பாடமாக இருந்த வாக்கியங்களைச் சொல்லிச் சொல்லிச் சோகிகளை வைப்பதும் எடுப்பதுமாகக் கணக்கை முடித்துவிட்டார். சந்திரனுக்கென்று மட்டும் 248 வாக்கியங்கள். ஒவ்வொரு வாக்கியமும் எழுத்தெண்ணிப் பார்த்தால் ஓர் எண். ஒன்பது முறை சந்திரன் பூமிக்கு அருகில் வந்து விலக ஏறக்குறைய 248 நாட்கள் ஆகும் என்பதால் அந்த எண்ணிக்கை. ஒரு நாளைக்கு ஒரு வாக்கியம்.

விளைவு என்ன? கிரகணத் தொடக்கம் 4 நிமிட வித்தியாசத்தில் வந்தது. நடுப்பகுதி 23 நிமிடம் பிழைத்தது. முடிவு 52 நிமிடம் பிழைத்தது.

இந்த இடத்திலே நாம் சற்று நின்றோம். 41 வினாடிச் சேதியை நம்மவர் மலர்களிலும் மடல்களிலும் பலமுறை வாசித்திருக்கிறோம். 52 நிமிடச் சேதியை எந்த மலரிலும் நாம் வாசித்ததில்லை. இரண்டையும் செய்தது ஒரே மரபு. தரையில் குந்தியிருந்து, கருவி ஏதுமின்றி, நினைவிலிருந்தே ஒரு கிரகணத்தை ஒரு மணித்தியாலத்துக்குள்ளான பிழையோடு சொன்னவரை நாம் ஏன் மறைக்கவேண்டும்? நமக்கென்னவோ 41 வினாடியைவிட அந்த 52 நிமிடந்தான் அந்த மனிதரைக் கண்முன் கொண்டுவருகிறது.

வாரன் அவரைப் பற்றி எழுதிய கருத்து கசப்பானது. இவருக்கு வானியற் கோட்பாடு ஒன்றும் விளங்காது, நினைவாற்றல் மட்டும் அபாரம் என்ற கருத்துப்பட எழுதினார். பெயர் எழுதப்பட்டது, ஆனால் ஒரு கருவியின் பெயர் போல எழுதப்பட்டது. 1952இல் ஒட்டோ நொய்கபவர் என்ற பேரறிஞர் இந்தச் சோகிக் கணக்கை ஆராய்ந்து, தமிழ் வானியல் என்ற தலைப்பிலேயே ஒரு கட்டுரை வெளியிட்டார். அந்த 248 நாள் கணக்கின் வேர் பழைய பாபிலோன் வரைக்கும் போகிறது என்று அவர் காட்டினார். இதைக் கேட்டு மனம் சுருங்குபவர்கள் உண்டு. நமக்கு மாறாகத் தோன்றியது. பாபிலோனில் களிமண் பலகையில் எழுதியவர்கள் போய்ச் சேர்ந்து இரண்டாயிரம் ஆண்டுக்குப் பின்னும், அந்தக் கணக்கை உயிரோடு நாவில் வைத்திருந்தவர்கள் நம் ஊர்ப் பஞ்சாங்கக்காரர்கள். அவர்களைச் செதுக்கிய கல் ஒன்றை நாம் கண்டதில்லை.

கல் என்றதும் சென்னை நினைவுக்கு வருகிறது. நுங்கம்பாக்கத்திலுள்ள வானிலை அலுவலக வளாகத்தில் ஒரு கருங்கல் தூண் நிற்கிறது. 1792இல் கிழக்கிந்தியக் கம்பனியார் அங்கே வானாய்வு நிலையம் கட்டியபோது தொலைநோக்கிக் கருவியைத் தாங்க நிறுத்திய தூண். பதினைந்து அடி உயரம், பத்துத் தொன் எடை. அதிலே லத்தீனோடு நம் நாட்டு மொழிகளிலும், தமிழிலும், எழுத்துப் பொறித்தார்கள். ஆசியாவிலே கணித விஞ்ஞானங்களைப் பிரித்தானியர் பெருந்தன்மையோடு முதன்முதல் நாட்டிய காலம் எதுவென்று ஆயிரம் வருடத்துக்குப் பின் வருவோரும் அறியவேண்டும் என்பது அதன் நோக்கம். முதன்முதல்! அந்தத் தூணிலிருந்து சில நாள் வண்டிப் பயணத்தில், புதுச்சேரியில், சோகி பரப்பும் மரபு வாழ்ந்துகொண்டிருந்தது. அந்தப் பொய்யைத் தமிழ் எழுத்திலே செதுக்கிய சிற்பியும் ஒரு தமிழராகவே இருந்திருக்கக்கூடும். உளி பிடித்தபோது அவர் என்ன நினைத்தாரோ.

ஆயினும் அதே நிலையத்திலேதான் சிந்தாமணி இரகுநாதாச்சாரியார் வளர்ந்தார். உதவியாளராகப் பணிசெய்து, 1867இல் ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டறிந்தார். 1872இல் இலண்டன் அரச வானியற் கழகத்தின் உறுப்பினரானார். 1874இல் வெள்ளிக் கடப்பு வந்தபோது பொதுமக்களுக்கு விளங்கும்படி நம் நாட்டு மொழிகளில் சிறு நூல் வெளியிட்டார். தொலைநோக்கியால் கண்டதைக் கொண்டு பஞ்சாங்கத்தைத் திருத்தவேண்டும் என்று வாதாடித் திருக்கணித பஞ்சாங்கமும் போட்டார். 1880இல் காலமானார். தீக்கோவின் படத்தில் சுவருக்கு முன்னே குனிந்திருந்தவர்களில் ஒருவர் தலைநிமிர்ந்து நம்மைப் பார்த்தால் எப்படியிருக்கும்? அப்படி ஒருவர் அவர்.

யாழ்ப்பாணத்து அன்பர்கள் வட்டுக்கோட்டைக் கதையை அறிவீர்கள். 1823இல் அமெரிக்க மிஷனரிமார் அங்கே தொடங்கிய செமினறியில் வானசாஸ்திரமும் கற்பித்தார்கள். 1829 மார்ச்சில் வந்த சந்திர கிரகணத்தை அயலூரான அராலியைச் சேர்ந்த விசுவநாத சாஸ்திரியாரின் பஞ்சாங்கம் ஒருவிதமாகவும், அதிபர் டானியல் பூவர் கணக்கு வேறுவிதமாகவும் சொன்னது. ஊர் கூடி இரவிலே வானத்தைப் பார்த்தது. பூவரின் கணக்கே சரியாக வந்ததென்று மிஷன் நூல்கள் மகிழ்ச்சியோடு எழுதின. எழுதியதோடு நில்லாமல், கணக்குப் பிழைத்தால் சமயமும் பிழைக்கும் என்ற தொனியில் அதைப் பயன்படுத்தின. சாஸ்திரியார் தம் பக்கத்தை எழுதியிருந்தால் நாம் வாசிக்க ஆசைப்படுவோம். ஆனால் ஒன்றைச் சொல்லவேண்டும்: 1848இல் அதே மிஷனைச் சேர்ந்த ஹொய்சிங்டன், தமிழ்ச் சோதிட நூலொன்றைக் கற்று, மூலத்தையும் மொழிபெயர்ப்பையும் சேர்த்து யாழ்ப்பாணத்திலே அச்சிட்டார். வென்றவர்கள் தோற்றவரின் நூலைக் காப்பாற்றினார்கள். அதற்கும் நாம் நன்றி சொல்லவேண்டியவர்களே.

இனிக் கேள்விக்கு வருவோம். பார்த்த ஆளை நம் கலை ஏன் காட்டவில்லை?

ஒரு பதில் உண்டு. நம் மரபிலே செய்தவன் தன்னைக் காட்டிக்கொள்வதில்லை. நவக்கிரகச் சிலையைச் செதுக்கிய சிற்பியின் பெயரும் மேடையில் இல்லை. இறைவன் முன்னே பெயர் எதற்கு என்ற பணிவு அது என்பார்கள். அழகான பதில். வெகு நாட்களாக நாமும் அதையே நம்பியிருந்தோம். இப்போது முழுமனதாக நம்ப முடியவில்லை. தானே விரும்பிப் பெயரை விடுவது பணிவு. பிறர் கேட்காமல் விட்டுவிட்டதால் பெயர் போவது வேறு. தீக்கோவின் உதவியாளரும், புதுச்சேரிச் சோகிக்காரரும், அந்தத் தூணைச் செதுக்கியவரும் எந்த வகையைச் சேர்ந்தவர்கள் என்று யார் அவர்களிடம் கேட்டது? பணிவு என்று நாம் வைக்கும் பெயர் நம் சோம்பலுக்கு வசதியாகவும் இருக்கிறது. கணியன் பூங்குன்றனாரின் பாடலை நாம் ஒவ்வொரு விழாவிலும் சொல்கிறோம். நாள் கணிப்பவர் என்ற தொழிற்பெயர் அவர் பெயரின் முன்னாலேயே நிற்கிறது. அதைப் பற்றி ஒரு பிள்ளைக்காவது சொன்னோமா?

மற்றப் பதில், வெற்றிடத்தை நாமே நிரப்பிக்கொள்வது. எல்லாம் நம்மிடம் முன்பே இருந்தது, நவக்கிரக மேடையே சூரிய மண்டலத்தின் வரைபடம், என்று பெருமை பேசுவது. சென்னைத் தூணிலே முதன்முதல் என்று பொறித்தவர்கள் செய்த தவறுக்கும் இதற்கும் நிறையில் வேறுபாடு இருக்கலாம், வகையில் வேறுபாடு நமக்குத் தெரியவில்லை. அவர்கள் இருந்ததை இல்லை என்றார்கள். நாம் இல்லாததை இருந்தது என்கிறோம். இரண்டிலும் உண்மையாகவே உழைத்த அந்த மனிதர் காணாமற் போகிறார். இங்கே பிறந்த பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் எதையும் சரிபார்க்கக் கற்றவர்கள். நாம் சொன்ன ஒன்று பொய் என்று ஒருநாள் கண்டால், மெய்யான மற்ற ஒன்பதையும் சேர்த்து எறிந்துவிடுவார்கள். நம் வீடுகளிலேயே இது நடந்திருக்கிறது.

அப்படியானால் வாக்கியமா, திருக்கணிதமா? இந்த மடலில் தீர்ப்புச் சொல்ல நாம் யார். ஒன்றுமட்டும் சொல்வோம். இன்றைக்குச் சனி வானத்தில் எங்கே நிற்கிறது என்பதுதான் கேள்வியானால், தொலைநோக்கி திருக்கணிதத்தின் பக்கம்தான் நிற்கிறது. முன்னோர் எந்த வரிசையில் எண்ணி விளக்கேற்றினார்களோ அந்த வரிசையில் நாமும் நிற்கவேண்டும் என்பதானால், வாக்கியத்துக்கு ஒரு நியாயம் உண்டு. எந்த நியாயத்துக்காக எந்தத் தேதியைக் கொள்கிறோம் என்பதைப் பிள்ளைகளிடம் வெளிப்படையாகச் சொல்லிவிட்டால் போதும். குருக்கள் ஐயா அன்று சொன்னதில் நமக்கு வழக்கு இல்லை. ஆனால் அந்தத் தாயார் கேட்டதும் கேட்கவேண்டிய கேள்விதான்.

கருவிகளைப் பற்றிச் சொல்லவந்து முக்கியமான ஒன்றை விட்டுவிட்டோம். கோயில் கட்டத் தொடங்குமுன் நிலத்திலே ஒரு கோலை நாட்டச் சொல்கின்றன மயமதம் முதலிய சிற்ப நூல்கள். அதற்குச் சங்கு என்று பெயர். ஊதும் சங்கு வேறு. கோலைச் சுற்றி வட்டம் போட்டு, முற்பகலில் நிழலின் நுனி வட்டத்தைத் தொடும் இடத்தையும், பிற்பகலில் தொடும் இடத்தையும் குறித்து, இரண்டையும் ஒரு கயிற்றால் சேர்த்தால் கிழக்கு மேற்குக் கோடு கிடைக்கும். அதன்மேல்தான் கருவறை எழும். ஜெயப்பூரில் 1730களில் இரண்டாம் ஜெயசிங் மன்னர் கட்டிய சம்ராட் யந்திரம் 27 மீற்றர் உயரமான இதே சங்குதான். திசை கிடைத்தபின் கோலைப் பிடுங்கிவிடுவார்கள். எந்தக் கோபுரத்திலும் அந்தக் கோலுக்குச் சிலை இல்லை. ரொறன்ரோப் பக்கத்தில் பண்டகசாலையாக இருந்த கட்டடங்களைக் கோயிலாக்கிய காலத்தில் கோல் நாட்ட இடமும் இருக்கவில்லை.

அதனால் 2025 டிசம்பர் 21ஆம் நாள் நாமே ஒன்றை நாட்டினோம். விட்பியில் நம் வீட்டுப் பின்வளவில், பனி வழிக்கும் சவளின் பிடி ஒன்றைக் கழற்றி, பனிக்கு மேலே சரியாக ஒரு மீற்றர் நிற்கும்படி குத்தினோம். அந்தப் பையனும் அவனுடைய அம்மம்மாவும் வந்திருந்தார்கள். இங்கே அன்று சூரியன் உச்சிக்கு வருவது பன்னிரண்டு மணிக்கில்லை, 12 மணி 14 நிமிடத்தை ஒட்டி. அப்போதுகூட அடிவானத்திலிருந்து 23 பாகைக்குமேல் ஏறாது. நிழல் 2 மீற்றர் 40 சென்ரிமீற்றர் வந்தது. அதே நாளில் யாழ்ப்பாணத்தில் நாட்டியிருந்தால் 65 சென்ரிமீற்றர்தான் இருக்கும் என்று கணக்குப் போட்டுக் காட்டினோம். அம்மம்மா கணக்கைப் பார்க்கவில்லை. "அங்கை சித்திரை வருசப்பிறப்பு மூட்டம் மத்தியானத்திலை நிழல் காலுக்கைதான் கிடக்கும். முத்தத்திலை நிண்டு பாத்திருக்கிறம்" என்றார். சரிதான். யாழ்ப்பாணத்திலே சூரியன் நேர் உச்சியில் வருவது ஏப்ரல் நடுப்பகுதியில், வருடப்பிறப்பை ஒட்டித்தான். விட்பியில் அது ஒருநாளும் நடக்காது.

பையன் அதை ஒரு படமாக வரைந்து வகுப்புக்குக் கொண்டுவந்தான். சவள்பிடி இருந்தது. நீளமான நீல நிழல் இருந்தது. தொப்பியும் பெரிய சப்பாத்துமாகக் குனிந்து அளவு நாடா பிடிக்கும் அம்மம்மா இருந்தார். சூரியனைக் காணவில்லையே என்று கேட்டோம். தாளில் இடமில்லை என்றான்.